பாய்லர் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறதா? ஹீட்டிங் பைப் கசிவு பற்றிய கேள்விகள்

ஊரில் பைப் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். மோட்டாரை நிறுத்துவோம், டேங்க் வால்வை மூடுவோம், பிளம்பர் வந்து எம்-சீலாவது அப்பிவிட்டுப் போவார். பிரிட்டனில் வீட்டைச் சூடாக்கும் தண்ணீர் தரைப்பலகைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒழுகத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது ஈரம் இல்லை, பாய்லரின் பிரஷர் முள். நான் பிளம்பர் இல்லை. லண்டன் புறநகரில் 1930களில் கட்டிய ஒரு வீட்டில் இரண்டு கசிவுகளைத் தேடி அலைந்தவன். அப்புறம் நண்பர்கள் வீடுகளில் டார்ச் பிடித்தவன். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை.

சீலிங் வீங்கித் தொங்குகிறது, சொட்டுகிறது. இந்த நிமிடம் என்ன செய்வது?

பாய்லரை நிறுத்துங்கள். அந்த அறையின் விளக்கு சர்க்யூட்டை ஃபியூஸ் பெட்டியில் அணைத்துவிடுங்கள். வீங்கிய இடத்துக்கு நேர் கீழே வாளி வைத்து, ஸ்க்ரூடிரைவரால் வீக்கத்தின் நடுவில் ஒரு துளை போடுங்கள். சீலிங்கை நாமே ஓட்டை போடுவதா என்று தயங்குவீர்கள். போடாவிட்டால் தேங்கிய தண்ணீரின் கனத்தில் பலகை மொத்தமாகக் கழன்று விழும். துளையை அடைப்பது சின்ன வேலை, சீலிங்கையே மாற்றுவது பெரிய வேலை.

மெயின் தண்ணீரை மூடினால் கசிவு நின்றுவிடுமா?

நிற்காது. இதுதான் நம்மவர்களுக்கு வரும் முதல் குழப்பம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் ஓடுவது குழாயில் வரும் தண்ணீர் இல்லை. ஒருமுறை நிரப்பிப் பூட்டி வைத்த தண்ணீர், அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. மெயினை மூடினாலும் உள்ளே இருப்பது காலியாகும்வரை ஒழுகும்.

ஆனால் மெயின் தண்ணீரின் மீட்டரைப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. கசிவது எந்தத் தண்ணீர் என்று பிரித்தறியலாம். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அது நகர்ந்தால், பிரச்சினை மெயின் பைப்பில். மீட்டர் அசையாமல் பாய்லர் முள் மட்டும் இறங்கினால் ஹீட்டிங்கில். நிறமும் சொல்லும். ஹீட்டிங் தண்ணீர் பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், தொட்டால் லேசாக வழவழக்கும்.

முள் இறங்கினாலே பைப்பில் ஓட்டை என்றுதான் அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இடையில் இருக்க வேண்டும். சூடானால் 2 பார்வரை ஏறும், மறுபடி இறங்கும். ரேடியேட்டரில் காற்று எடுத்துவிட்ட மறுநாள் கொஞ்சம் இறங்கினால் அதுவும் இயல்பு.

குளிரில் 1-க்குக் கீழே கிடக்கிறது, சூடானதும் 3-ஐ நெருங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பைப்பை அல்ல, விரிவுக் கலனை. தண்ணீர் சூடாகும்போது விரியும். 100 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 3 லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுப்பது இந்தக் கலன்தான். நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். காற்று இறங்கிவிட்டால் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே தள்ளிவிடும். பாய்லர் குளிர்ந்ததும் முள் தரைதட்டும்.

வெளிச்சுவரில் பாய்லருக்குப் பின்பக்கம் ஒரு சிறிய செம்புக் குழாய், வாய் சுவரைப் பார்த்து வளைந்தபடி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்வின் வாய் அதுதான். ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் தளர்வாக மாட்டி ஒருநாள் விடுங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால் உங்கள் கசிவு வீட்டுக்குள்ளேயே இல்லை. பார்த்து முடித்ததும் பையைக் கழற்றிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் போகிறது?

நினைப்பதைவிட மிகக் குறைவு. 0.75 பார் காற்றடைத்த 8 லிட்டர் கலன் என்று வைத்துக்கொள்வோம். முள் 1.5-லிருந்து 0.75-க்கு இறங்க, கிட்டத்தட்ட 2.4 லிட்டர் வெளியேறினால் போதும். அது ஒரு வாரத்தில் நடந்தால் நாளுக்குச் சுமார் 340 மில்லி, அதாவது நிமிடத்துக்கு ஐந்து சொட்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான், வீடு முழுக்க ஏன் ஒரு ஈரமும் அகப்படவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அப்படியானால் அந்த ஐந்து சொட்டு எங்கே போகிறது?

சூடான பைப்பின் மேலேயே ஆவியாகிவிடும். கீழ்த்தளத்தில் பலகைத் தரை என்றால், அடியில் காற்றோட்டமுள்ள வெற்றிடம் இருக்கிறது. சொட்டு மண்ணில் விழுந்து காய்ந்துவிடும். இன்னொரு விசித்திரம்: சில இணைப்புகள் குளிர்ந்தால் மட்டுமே ஒழுகும். சூட்டில் உலோகம் விரிந்து விரிசலை அடைத்துக்கொள்கிறது, ஹீட்டிங் நின்றபின் சுருங்கித் திறக்கிறது. பிளம்பர் பகலில் வந்து ஹீட்டிங்கை ஓடவிட்டுப் பார்த்து "ஒன்றுமில்லையே" என்று போவதற்கு இது ஒரு காரணம். விடிகாலையில், ஹீட்டிங் தொடங்கும் முன், டார்ச் எடுத்துக்கொண்டு நீங்களே ஒரு சுற்று வாருங்கள்.

அதற்கு வாரம் ஒருமுறை நிரப்பிவிட்டுப் போகலாமே?

பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நானும் ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்தேன். பழைய தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டிருக்கும், துருத் தடுப்பு மருந்தும் கலந்திருக்கும். புதிதாக விடும் ஒவ்வொரு லிட்டரும் ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது, மருந்தை நீர்க்கச் செய்கிறது. இரும்பு ரேடியேட்டர் உள்ளிருந்து அரிக்கும். கறுப்புச் சேறு அடியில் தங்கும், பம்பை அடைக்கும். லண்டன் தண்ணீர் கடின நீர் வேறு, சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு கசிவை விட்டுவைத்தால் இரண்டாவது கசிவு தயாராகிறது.

மெயினிலிருந்து ஹீட்டிங்குக்குத் தண்ணீர் நிரப்பும் பின்னல் குழாயை வேலை முடிந்ததும் கழற்றிவைக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டின் தண்ணீர் விதிமுறை. பெரும்பாலான வீடுகளில் அது மாட்டியபடியேதான் கிடக்கிறது. அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் மெயின் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும், கசிவு இருப்பதே தெரியாது.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ரேடியேட்டர்களிலிருந்து. கையில் ஒரு டிஷ்யூ சுருள் போதும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு பக்க வால்வு, வால்வும் ரேடியேட்டரும் சேரும் நட், மேலே காற்று எடுக்கும் திருகு, அடி விளிம்பு. எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து டிஷ்யூவைப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் தெரியும். காய்ந்த கசிவும் அடையாளம் விட்டுப்போகும்: பித்தளையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கும், ரேடியேட்டர் அடியில் துருக் கோடு இறங்கியிருக்கும், கம்பளம் அந்த மூலையில் மட்டும் மொரமொரப்பாக இருக்கும்.

வால்வின் தலைத் தண்டு வழியாகக் கசிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மூடியைக் கழற்றி, தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டை வலப்பக்கம் கால் சுற்று முறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். பக்கத்து நட் கசிந்தாலும் அப்படித்தான். வால்வை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பானரால் முறுக்குங்கள். ஒரே ஸ்பானரால் இழுத்தால் வால்வே திரும்பி, தரைக்குள் இருக்கும் பைப்பை முறுக்கிவிடும்.

ரேடியேட்டரின் தகட்டிலேயே ஊசித்துளை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு வால்வையும் மூடித் தனிமைப்படுத்திவிட்டு மாற்றுங்கள். மூடும்போது மறுபக்க வால்வு எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதிவையுங்கள், புதியதைத் திறக்கும்போது அதே எண்ணிக்கை வேண்டும். வெப்பத்தைப் பார்த்துத் தானே திறக்கும் வால்வுகளைப் பூஜ்யத்தில் வைத்தால் மூடிவிட்டது என்று நம்பாதீர்கள். அறை உறையும் அளவு குளிர்ந்தால் அது திறந்துகொள்ளும். ரேடியேட்டரைக் கழற்றுவதானால் அதற்கென்று வரும் மூடியைத் திருகி முழுக்க அழுத்த வேண்டும்.

ரேடியேட்டர் எல்லாம் உலர்வாக இருக்கிறது. பாய்லரா, பைப்பா?

ஒரே இரவில் தெரிந்துவிடும், செலவே இல்லை. பாய்லர் நன்றாகக் குளிரட்டும். முள்ளை 1.5-க்குக் கொண்டுவாருங்கள். பாய்லருக்கு அடியில் ஹீட்டிங் போகும் பைப்பிலும் திரும்பி வரும் பைப்பிலும் இருக்கும் இரண்டு வால்வுகளை மூடுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். முள் பாய்லர் பக்கம்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். காலையில் அது இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். பாதுகாப்பு வால்வோ, வெப்பம் மாற்றும் பகுதியோ. வெப்பம் மாற்றும் பகுதி விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் கழிவுக் குழாய் வழியே போய்விடும், வீட்டில் துளிகூடத் தெரியாது. முள் அசையாமல் நின்று, வால்வுகளைத் திறந்த நொடியில் சட்டென்று விழுந்தால் கசிவு பைப்பிலோ ரேடியேட்டரிலோ.

இந்தச் சோதனையைச் செய்யாததற்கு நான் பணம் கட்டினேன். முதலில் வந்தவர் பாய்லருக்குள் ஒரு பாகத்தை மாற்றினார். மறுநாளும் முள் இறங்கியது.

தரைக்குள் இருக்கும் கசிவை உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வெப்பக் கேமரா, தரையில் வைத்துக் கேட்கும் மைக், வாயு. வாயு என்றால் 95 சதவீதம் நைட்ரஜனும் 5 சதவீதம் ஹைட்ரஜனும் கலந்தது. இந்த அளவில் தீப்பிடிக்காது. பைப்பைக் காலி செய்து இதை அடைத்தால், ஹைட்ரஜன் ஓட்டை வழியே வந்து கான்கிரீட்டையும் ஊடுருவி மேலே ஏறும், கருவி மோப்பம் பிடிக்கும். மைக், அழுத்தம் நிறைய உள்ள மெயின் பைப்புக்கு நன்றாக வேலை செய்யும். ஒன்றரை பாரில் சொட்டும் கசிவு அதிகம் சத்தம் போடாது.

நான் வாடகைக்கு எடுத்தது வெப்பக் கேமரா. வீடு நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். பைப் போகும் பாதை திரையில் மஞ்சள் கோடாகத் தெரியும். மாடி நடையில், பாத்ரூம் வாசலுக்கு முன்னால், அந்தக் கோடு ஓர் இடத்தில் மட்டும் மை சிந்தியதுபோலப் பரவியிருந்தது. கம்பளத்தைத் தூக்கினேன். பலகை காய்ந்துதான் இருந்தது, ஆனால் ஓர் ஆணித் தலையைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். பலகையை நெம்பினேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எப்போதோ பலகையை அடிக்க அடித்த ஆணி, கீழே போகும் 15 மில்லிமீட்டர் செம்புப் பைப்பின் பக்கத்தைத் துளைத்திருந்தது. அத்தனை வருடமும் ஆணியே அந்த ஓட்டைக்கு அடைப்பு. ஆணி துருப்பிடித்து மெலிந்தபின்தான் கசியத் தொடங்கியிருக்கிறது. அதைப் பிடுங்கியதும் கறுப்புத் தண்ணீர் நூல்போல் கிளம்பி என் கண்ணாடியில் அடித்தது. முதலில் தண்ணீரை வடித்திருக்க வேண்டும், வடிக்கவில்லை.

கீழே ஹால் சீலிங்கில் அந்த இடத்துக்கு நேராக ஒரு ரூபாய் அளவுக்கு மஞ்சள் வட்டம் இருந்தது. பழைய கறை என்று நினைத்து அதன்மேல் பெயின்ட் அடித்தவனும் நான்தான்.

பைப் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தால்?

சிமென்ட் நேரடியாகப் பட்ட செம்பு நாளடைவில் அரிக்கும். உறை போடாமல் புதைத்த பைப்பில் இன்று ஓர் ஓட்டை என்றால் நாளை ஓரடி தள்ளி இன்னொன்று வரும். ஆகவே ஓட்டையைத் தேடிக் கொத்துவதைவிட, அந்தப் பைப்பை இரு முனையிலும் அடைத்துக் கைவிட்டு, சுவர் ஓரமாகவோ மேல்தளத்திலிருந்து இறக்கியோ புதுப் பைப் போடுவது பல சமயம் மலிவு. பார்க்க அழகாக இருக்காது. மரப்பெட்டி அடித்து மறைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நானே செய்ய எனக்கு அனுமதி உண்டா?

பைப், ரேடியேட்டர், வால்வு ஆகிய தண்ணீர் பக்க வேலையை நீங்களே செய்யலாம். கேஸ் தொடர்பான எதையும், பாய்லர் உறையைத் திறப்பது உட்பட, கேஸ் சேஃப் பதிவு உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். 2009 ஏப்ரலில் கார்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக வந்த, கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு இது. வருபவரிடம் அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர் என்று இருக்கும்.

செம்புப் பைப்பில் உள்ள ஓட்டையை எப்படி அடைப்பது?

அடைப்பதில்லை, அந்தத் துண்டை வெட்டி இணைப்பதுதான் முறை. டேப், எம்-சீல் எல்லாம் ஓர் இரவுக்கு. ரப்பர் வைத்த கிளாம்ப் ஒன்றை மாட்டினால் ஒரு வாரம் தாங்கும், அதற்குமேல் அதை நம்பாதீர்கள்.

பாய்லரின் மின்சாரத்தை அணைத்துத் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். கீழ்த்தளத்தில் ரேடியேட்டர் ஒன்றின் ஓரத்தில் வடிகால் திருகு இருக்கும். அதில் ஹோஸ் மாட்டிக் கழிவுநீர்ச் சாக்கடைக்கு விடுங்கள், மழைநீர் வடிகாலுக்கு வேண்டாம். மேல்மாடி ரேடியேட்டர்களில் காற்றுத் திருகைத் திறந்தால்தான் தண்ணீர் இறங்கும். கசிவு மாடியில் என்றால் முழுவதும் வடிக்க வேண்டியதில்லை, அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும். பழைய துண்டுகளை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் பட்டால் போகாது.

பைப்பைச் சுற்றிவரும் சின்ன கட்டரால் நேராக வெட்டுங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், வாய் கோணும். வெட்டிய வாயின் பிசிறை நீக்கி, வெளிப்பக்கத்தை எஃகு நாரால் பளபளவென்று தேயுங்கள். இரண்டு முனையையும் விலக்க இடமில்லாத தரைப்பலகைக்கு அடியில், உள்ளே தடுப்பில்லாத ஸ்லிப் கப்ளிங் என்ற இணைப்பு வாங்குங்கள். ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி, பிறகு திரும்ப நடுவுக்கு இழுக்கலாம். நட், ஆலிவ் என்று சொல்லும் பித்தளை வளையம், கப்ளிங் என்ற வரிசையில் மாட்டி, நட்டைக் கையால் முடிந்தமட்டும் முறுக்குங்கள். அதற்குமேல் இரண்டு ஸ்பானர் வைத்து ஏறத்தாழ ஒரு சுற்று. நான் முதல் தடவை பயத்தில் இரண்டு சுற்று முறுக்கி ஆலிவை நசுக்கினேன், அது கசிந்தது. நிரப்பிப் பார்த்து ஈரம் தெரிந்தால் கால் சுற்று கூட்டிக்கொள்ளலாம். நசுங்கிய ஆலிவைத் திருப்ப முடியாது.

ஈயம் வைத்துப் பற்றவைப்பது இன்னும் சுத்தமான இணைப்புதான். ஆனால் நூறு வருடத் தூசி படிந்த பலகைக்கு அடியில் தீச்சுடரைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. 1970களுக்கு முந்தைய வீடு என்றால் பைப் அங்குலக் கணக்கில் இருக்கும்: அரை அங்குலப் பைப்புக்கு 15 மில்லிமீட்டர் கப்ளிங் ஒத்துப்போகும், முக்கால் அங்குலத்துக்கு 22 ஒத்துப்போகாது, அதற்கென்று தனி ஆலிவ் கேட்டு வாங்க வேண்டும்.

பலகையை மூடும்போது ஆணிக்குப் பதில் திருகு போடுங்கள். பலகையின் மேல் மார்க்கரால் "பைப்" என்று எழுதி அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். தமிழில் எழுதினால் அடுத்து வாங்குபவருக்குப் புரியாது என்று மனைவி சொன்னதால் என் வீட்டில் படமும் வரைந்திருக்கிறது.

பாட்டில் மருந்து ஊற்றினால் கசிவு அடைபடும் என்கிறார்களே?

ஊசிமுனைக் கசிவுக்குச் சில சமயம் வேலை செய்கிறது. எங்கே கசிகிறது என்று தேடிப் பார்க்கும் முன் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். கான்கிரீட்டுக்குள் இருந்து, உடைக்கவும் மாற்றவும் இப்போது வழியில்லை என்றால் ஒருமுறை முயலலாம்.

என் பாய்லரில் முள்ளே இல்லை. பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது.

உங்களுடையது பழைய திறந்த வகை. குறையும் தண்ணீரை அந்தத் தொட்டி மிதவை வால்வு வழியே தானே நிரப்பிக்கொள்வதால் கசிவு வருடக்கணக்கில் தெரியாமல் இருக்கும். ஹீட்டிங் குளிர்ந்தபின் மிதவையை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் கசிவு உண்டு. கட்டை அவிழ்க்க மறக்காதீர்கள்.

செலவு யாருடையது? வாடகை வீடு, காப்பீடு பற்றி?

இங்கிலாந்தில் ஏழு வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தம் என்றால், ஹீட்டிங்கைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முள்ளைத் தேதியோடு படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாதீர்கள். சொந்த வீடு என்றால் பாலிசியில் கசிவைத் தேடவும் தரையைத் திறந்து மூடவும் தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது தேடும் செலவைத் தரும். பைப்பைச் சரிசெய்யும் செலவை வழக்கமாகத் தராது. ஆள் கூப்பிடும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

சரிசெய்தாயிற்று. முடிந்ததா?

துருத் தடுப்பு மருந்தை மறுபடி ஊற்றுங்கள், வடித்த தண்ணீரோடு பழையது போய்விட்டது. மாடியிலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றை எடுத்து, முள்ளை மறுபடி 1.5-க்கு ஏற்றி, நிரப்பும் குழாயைக் கழற்றுங்கள். இணைப்புக்கு அடியில் ஒரு டிஷ்யூவை விரித்து, பலகையை இரண்டு நாள் திறந்தே வைத்திருங்கள். முதல் சில நாள் மீதிக் காற்று வெளியேறும்போது முள் கொஞ்சம் இறங்கும். பிறகு இரண்டு வாரம், தினமும் காலையில் ஹீட்டிங் தொடங்கும் முன் ஒரு படம் எடுங்கள். என் தொலைபேசியில் அப்படிப் பதினான்கு படங்கள் இருக்கின்றன. கடைசிப் பத்திலும் முள் 1.4-ல் நிற்கிறது.